பைபேக் அறிவிப்பும் பங்கு விலையும்: ஆய்வுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"பங்கு வருமானமும் நிறுவனங்களின் நிதி முடிவுகளும்" என்று தலைப்பைப் பதிவு செய்துவிட்டு, எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நிற்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அந்தத் தலைப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஆய்வு செய்ய முடியாது. டிவிடெண்ட் கொடுப்பது, கடன் வாங்குவது, புதுப் பங்கு வெளியிடுவது, இன்னொரு நிறுவனத்தை வாங்குவது, தன் பங்கைத் தானே திரும்ப வாங்குவது என்று நிதி முடிவுகள் பல. ஒவ்வொன்றுக்கும் பல பத்தாண்டுகளாக எழுதிக் குவித்த கட்டுரைகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது கடைசியாகச் சொன்ன பைபேக்.

அதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் பைபேக்குக்கு வழி திறந்தது 1998இல்தான். ஆகவே ஆய்வுக்கு ஒரு தெளிவான தொடக்கம் கிடைக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 68ஆம் பிரிவு வரம்புகளை வகுத்திருக்கிறது: செலுத்தப்பட்ட மூலதனமும் தடையற்ற இருப்புகளும் சேர்ந்த தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, அதில் 10 சதவீதம் வரை இயக்குநர் குழுவே முடிவு செய்யலாம், ஒரு பைபேக்குக்கும் அடுத்ததற்கும் ஓராண்டு இடைவெளி வேண்டும். ஒவ்வொரு பைபேக்குக்கும் பங்குச் சந்தையிலும் அதன் கட்டுப்பாட்டு அமைப்பான செபியிலும் ஆவணங்கள் தாக்கலாகின்றன. வீட்டில் உட்கார்ந்தபடியே அவற்றை எடுத்துப் படிக்கலாம். புதியவருக்கு இதைவிட வசதியான களம் கிடைப்பது அரிது.

இந்த வகை ஆய்வுகள் பெரும்பாலும் சூத்திரத்தில் கெடுவதில்லை, தேதியில்தான் கெடுகின்றன. எந்தச் செய்தி சந்தைக்கு எப்போது தெரிந்தது என்பதைச் சரியாகப் பிடித்தவரின் கூட்டல் கழித்தல், அதைத் தவறவிட்டவரின் பத்துப் பக்கச் சமன்பாடுகளைவிட மேலானது. ஆகவே கீழே தேதிக்கு நிறைய இடம் போகும்.

கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

"பைபேக் அறிவித்தால் விலை ஏறுமா?" என்பது பழைய கேள்வி. சராசரியாக ஏறுகிறது என்று பல நாடுகளில் காட்டிவிட்டார்கள். ஏன் ஏற வேண்டும் என்பதுதான் இன்னும் உயிருள்ள கேள்வி.

1961இல் மில்லரும் மோடிக்லியானியும் ஒரு வாதத்தை வைத்தார்கள். வரி இல்லை, செலவு இல்லை, எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்ற உலகில், பணத்தைப் பங்குதாரருக்குக் கொடுத்தாலும் நிறுவனத்திலேயே வைத்திருந்தாலும் பங்குதாரரின் மொத்தச் செல்வம் மாறாது. பைபேக்கால் விலை ஏறுகிறது என்றால், இந்த நிபந்தனைகளில் ஏதோ ஒன்று நடைமுறையில் உடைகிறது என்று பொருள். எது உடைகிறது என்பதில்தான் விளக்கங்கள் பிரிகின்றன.

பங்கு மலிவாக இருக்கிறது என்று நிர்வாகம் சந்தைக்குச் சொல்லாமல் சொல்கிறது என்பது ஒரு விளக்கம். புதுப் பங்கு வெளியீடு சந்தைக்கு ஏன் கெட்ட செய்தியாகப் படுகிறது என்று மையர்ஸும் மஜ்லஃபும் 1984இல் விளக்கியதன் மறுபக்கம் இது. அடுத்தது ஜென்சன் 1986இல் முன்வைத்தது: வேலையில்லாத பணம் நிர்வாகிகள் கையில் இருந்தால் அதை வீண் திட்டங்களில் கொட்டுவார்கள், திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்த ஆபத்து குறைகிறது. மூன்றாவது விளக்கம் வரியைச் சார்ந்தது. இந்தியாவில் 2016 ஏப்ரலிலிருந்து, ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் டிவிடெண்ட் வாங்கும் தனிநபர்கள் கூடுதலாக 10 சதவீத வரி கட்ட வேண்டியிருந்தது. பைபேக் பணத்துக்கு அந்தக் கூடுதல் வரி இல்லை. பெரும்பங்கு வைத்திருந்த புரமோட்டர்களுக்கு, அதாவது நிறுவனத்தைத் தொடங்கி நடத்துபவர்களுக்கு, அப்போது பைபேக் இனித்ததில் வியப்பில்லை.

இந்த மூன்றும் வெவ்வேறு நிறுவனங்களைச் சுட்டுகின்றன. முதல் விளக்கம் சரியென்றால், அண்மையில் விலை அடிபட்ட, புத்தக மதிப்பை (கணக்குப் புத்தகத்தில் பங்குக்கு உள்ள மதிப்பை) ஒட்டி விற்கும் பங்குகளில்தான் அறிவிப்பின் தாக்கம் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டாவது சரியென்றால், கையில் பணம் குவிந்து வளர்ச்சி வாய்ப்பு குறைந்த நிறுவனங்களில். மூன்றாவது சரியென்றால், புரமோட்டர் குடும்பங்கள் நேரடியாகப் பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களில். விளக்கங்கள் ஒன்றோடொன்று மோதும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே உங்கள் கேள்வியை நடுங்கள். எந்தப் பதில் வந்தாலும் மூன்று விளக்கங்களுக்கும் பொருந்தும் என்றால் அந்தக் கேள்விக்காக ஆறு மாதம் உழைக்க வேண்டாம்.

நான்கு கட்டுரைகளை முழுதாகப் படியுங்கள்

நூறு கட்டுரைகளின் சுருக்கத்தைப் படித்துவிட்டு ஐம்பது பக்க இலக்கிய மீளாய்வு எழுதும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் வேரோடிப் போயிருக்கிறது. யாருக்கும் பயன்படாத உழைப்பு அது. நான்கு கட்டுரைகளை அட்டவணை அட்டவணையாகப் படியுங்கள்.

முதலாவது ஃபாமா, ஃபிஷர், ஜென்சன், ரோல் நால்வரும் 1969இல் வெளியிட்டது. நியூயார்க் பங்குச் சந்தையில் 1927 முதல் 1959 வரை நடந்த 940 பங்குப் பிரிப்புகளை (ஒரு பங்கைப் பல சிறு பங்குகளாக்குவதை) எடுத்துக்கொண்டார்கள். பிரிப்புக்கு முந்தைய மாதங்களில் விலை சந்தையைவிட வேகமாக ஏறுகிறது. பிரிப்புக்குப் பிறகு சராசரியாக ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பிறகு அவர்கள் மாதிரியை இரண்டாகப் பிரித்தார்கள். தொடர்ந்து டிவிடெண்டைக் கூட்டிய நிறுவனங்களின் பங்குகள் ஏறிய விலையைத் தக்கவைத்தன. கூட்டாதவை சரிந்தன. அப்படியானால் சந்தை கொண்டாடியது பிரிப்பை அல்ல, வரப்போகும் டிவிடெண்டை. சராசரியோடு நின்றிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

இரண்டாவது, பிரவுனும் வார்னரும் 1985இல் நாள்விலைகளை வைத்து நிகழ்வு ஆய்வு (ஒரு செய்தியையொட்டிய நாள்களில் விலை எப்படி நகர்கிறது என்று அளப்பது) செய்யும் முறையைப் பரிசோதித்த கட்டுரை. மூன்றாவது ஐக்கன்பெரி, லக்கோனிஷோக், வெர்மாலன் மூவரும் 1995இல் எழுதியது: 1980 முதல் 1990 வரை அமெரிக்காவில் வந்த 1,239 பைபேக் அறிவிப்புகள். அறிவிப்பின்போது சராசரி ஏற்றம் சுமார் 3.5 சதவீதம். அடுத்த நான்காண்டுகளில் ஒப்பீட்டுப் பங்குகளைவிட 12.1 சதவீதம் கூடுதல். புத்தக மதிப்போடு ஒப்பிட்டால் மலிவாக இருந்த பங்குகளில் அது 45.3 சதவீதம். சந்தை செய்தியை உடனே முழுதாக விழுங்கவில்லை என்று அவர்கள் வாதிட்டார்கள்.

நான்காவதாக ஜெகதீஷும் டிட்மனும் 1993இல் எழுதியது. சில மாதங்களாக ஏறிவரும் பங்குகள் அடுத்த சில மாதங்களும் ஏறும் போக்குடையவை என்று காட்டிய கட்டுரை. பைபேக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். விலை சரிந்த பிறகு பைபேக் அறிவிக்கும் நிறுவனங்கள் நிறைய. அந்தச் சரிவுக்கே ஒரு தொடர்விளைவு உண்டு. அதைப் பிரித்தெடுக்காமல் நீண்டகால வருமானத்தைப் பைபேக்கின் கணக்கில் எழுதக்கூடாது. அந்த ஜெகதீஷ் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பது நம் மாணவர்களில் பலருக்குத் தெரியாது.

பட்டியல் தயாரிப்பு

பைபேக்குகளின் பட்டியலை செபியின் இணையதளத்திலிருந்தும் என்.எஸ்.இ., பி.எஸ்.இ. அறிவிப்புப் பக்கங்களிலிருந்தும் எடுக்கலாம். உங்கள் கல்லூரி சி.எம்.ஐ.இ.யின் புரோவெஸ் தரவுத்தளத்துக்குச் சந்தா கட்டியிருந்தால் வேலை பாதி. சந்தா இல்லையென்றாலும் நூறு, நூற்றைம்பது பைபேக்குகளைக் கையாலேயே தொகுத்துவிடலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். டெண்டர் முறையில் நடந்தவற்றையும் சந்தையில் நேரடியாக வாங்கியவற்றையும் ஒரே பானையில் போடாதீர்கள். டெண்டரில் நிறுவனம் ஒரே விலையை, பெரும்பாலும் சந்தை விலையைவிடக் கூடுதலாக, எல்லாப் பங்குதாரருக்கும் தருகிறது. சந்தை வழியில் உச்ச விலையை மட்டும் அறிவித்துவிட்டு மெல்ல மெல்ல வாங்குகிறது; சொன்ன தொகை முழுவதையும் வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. இந்த இரண்டாம் வழியை செபி படிப்படியாகக் குறைத்து, 2025 ஏப்ரல் 1 முதல் மூடிவிட்டது. ஆகவே பழைய ஆண்டுகளையும் புதிய ஆண்டுகளையும் ஒப்பிடும்போது முறையும் சேர்ந்து மாறியிருக்கிறது என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

இன்றைய நிஃப்டி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பத்தாண்டு பின்னோக்கிப் போகாதீர்கள் என்பது அடுத்தது. இன்று பட்டியலில் இருப்பவை பிழைத்தவை. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் 2009 ஜனவரி வரை நிஃப்டியில் இருந்தது. யெஸ் பேங்க் 2020 மார்ச் வரை இருந்தது. இன்றைய பட்டியலிலிருந்து தொடங்கினால் இப்படிப்பட்டவை உங்கள் ஆய்வுக்குள் நுழையவே நுழையாது, சராசரி வருமானமும் தானாகவே அழகாகிவிடும். அந்தந்த ஆண்டில் பட்டியலில் இருந்தவற்றை எடுங்கள். பின்னால் காணாமல் போனவற்றை, போன நாள் வரை வைத்திருங்கள்.

தேதி

ஒரு பைபேக்குக்கு ஒரு தேதி இல்லை, ஐந்தாறு தேதிகள் உண்டு. "பைபேக் பற்றிப் பரிசீலிக்க இயக்குநர் குழு கூடுகிறது" என்று நிறுவனம் சந்தைக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் நாள், கூட்டம் நடக்கும் நாள், நாளிதழில் பொது அறிவிப்பு வரும் நாள், ரெக்கார்ட் தேதி (அன்று பங்கு வைத்திருப்பவருக்கே டெண்டரில் இடம்), டெண்டர் திறக்கும் நாள், மூடும் நாள். தரவுத்தளத்தில் "அறிவிப்புத் தேதி" என்று ஒரு கட்டத்தில் இருப்பது இவற்றில் எது என்று பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. பல நேரங்களில் அது நாளிதழ் அறிவிப்பு நாளாக இருக்கும். சந்தைக்கு அது ஆறின கஞ்சி.

இன்ஃபோசிஸின் 2017 பைபேக்கைப் பாருங்கள். ஆகஸ்ட் 19 அன்று இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது: பங்குக்கு 1,150 ரூபாய், மொத்தம் 13,000 கோடி ரூபாய். தேதிக் கட்டத்தில் ஆகஸ்ட் 19 என்று எழுதிவிடலாம் என்று தோன்றும். காலண்டரைப் புரட்டினால் அது சனிக்கிழமை. அன்று சந்தை இல்லை. அடுத்த வணிக நாள் திங்கட்கிழமை, 21ஆம் தேதி. சரி, 21 என்று வைக்கலாமா? பைபேக் பற்றிக் கூட்டத்தில் பேசப்போகிறார்கள் என்பதை நிறுவனம் அதே வாரத்திலேயே தெரிவித்துவிட்டது. ஆகவே செய்தியின் ஒரு பகுதி திங்களுக்கு முன்பே விலையில் ஏறிவிட்டது. இதோடு முடியவில்லை. 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை, தலைமைச் செயல் அதிகாரி விஷால் சிக்கா பதவி விலகினார். பங்கு அன்று ஏறத்தாழ 10 சதவீதம் சரிந்தது, திங்களன்றும் இறங்கியது.

மூன்று நாள் சாளரம், அதாவது நிகழ்வு நாளும் அதன் முன்பின் நாள்களும், வைத்து இயந்திரத்தனமாகக் கணக்கிட்டால், "13,000 கோடி ரூபாய் பைபேக் பங்குதாரர்களின் செல்வத்தை அழித்தது" என்ற முடிவு வரும். விலை இறங்கியது தலைமை விலகியதால். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இத்தகைய நிகழ்வுகளை மாதிரியிலிருந்து எடுத்துவிட்டு, எத்தனை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று கட்டுரையில் எழுதுங்கள். முடிவைப் பார்த்த பிறகு எடுக்கக்கூடாது. விதியை முதலிலேயே எழுதி வைக்கவேண்டும். "சாளரத்துக்குள் காலாண்டு முடிவு, தலைமை மாற்றம், இணைப்பு அறிவிப்பு வந்தால் நீக்கப்படும்" என்று ஒரு வரி போதும்.

இந்தியாவில் இந்தக் கலப்படம் அதிகம். இயக்குநர் குழு ஒரே கூட்டத்தில் காலாண்டு முடிவுக்கும் டிவிடெண்டுக்கும் சேர்த்தே ஒப்புதல் தருவது நம் நிறுவனங்களின் வழக்கம். டிவிடெண்டின் தாக்கத்தை ஆராயப் போகிறேன் என்பவர்கள் லாபச் செய்தியின் தாக்கத்தை அளந்துகொண்டிருப்பார்கள். பைபேக்கிலும் இது உண்டு, ஆனால் கொஞ்சம் குறைவு. நான் டிவிடெண்டை விட்டுப் பைபேக்கைப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேரத்தையும் பாருங்கள். சந்தை காலை 9.15க்குத் திறந்து மாலை 3.30க்கு மூடுகிறது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் சந்தையின் இணையதளத்தில் மணி, நிமிடத்தோடு முத்திரை இருக்கும். மாலை 6 மணிக்கு வந்த செய்திக்கு நிகழ்வு நாள் மறுநாள். இதை விளக்கச் சத்யத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. 2008 டிசம்பர் 16 அன்று, நிறுவனரின் குடும்பத்தோடு தொடர்புடைய மேட்டாஸ் நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சத்யம் அறிவித்தது. இந்தியச் சந்தை அப்போது மூடியிருந்தது. நியூயார்க்கில் அதன் பங்குகள் பாதிக்கு மேல் மதிப்பிழந்தன. எதிர்ப்பு கிளம்பவே, சில மணி நேரத்திலேயே திட்டத்தைக் கைவிட்டார்கள். மறுநாள் மும்பையில் சந்தை திறந்தபோது வாங்கும் திட்டமே இல்லை. ஆனாலும் பங்கு சுமார் 30 சதவீதம் விழுந்தது. டிசம்பர் 16இன் மும்பை விலையை எடுத்துக்கொண்டு "சந்தை எதிர்வினை காட்டவில்லை" என்று எழுதினால் எப்படியிருக்கும்? திட்டம் செத்த பிறகும் விலை விழுந்ததற்குக் காரணம், நிர்வாகத்தின் குணம் சந்தைக்குத் தெரிந்துவிட்டது என்பதுதான். மூன்று வாரம் கழித்து, ஜனவரி 7 அன்று, கணக்கு மோசடி ஒப்புதல் கடிதமாக வெளியே வந்தது.

செய்யவேண்டியது இதுதான். எக்ஸல் தாளில் ஒவ்வொரு பைபேக்குக்கும் ஒரு வரி. முன்னறிவிப்பு நாள், அதன் நேரம், கூட்ட நாள், முடிவு வெளியான நேரம், பொது அறிவிப்பு நாள், ரெக்கார்ட் தேதி ஆகிய எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். முதல் கணக்கு முன்னறிவிப்பு நாளை வைத்து, இரண்டாவது கூட்ட முடிவு நாளை வைத்து. இரண்டையும் கட்டுரையில் காட்டுங்கள். முன்னறிவிப்பிலேயே ஏற்றத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்று தெரிந்தால், அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

சாளரத்தை ரெக்கார்ட் தேதிவரை நீட்டாதீர்கள். டெண்டரில் 15 சதவீதம் சிறு பங்குதாரர்களுக்கு, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் வைத்திருப்பவர்களுக்கு, ஒதுக்கப்படுகிறது. அந்த ஒதுக்கீட்டுக்காகவே ரெக்கார்ட் தேதிக்கு முன் வாங்கிக் குவிப்பவர்கள் உண்டு. அவர்கள் ஏற்றும் விலைக்கும் நிர்வாகம் தரும் செய்திக்கும் சம்பந்தம் இல்லை.

விலையைச் சுத்தம் செய்தல்

ரிலையன்ஸ் 2024 அக்டோபர் 28 அன்று ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்தது. முந்தைய வணிக நாளில் 2,650 ரூபாய் அளவில் இருந்த பங்கு அன்று 1,330 ரூபாய் அளவில் வணிகமானது. யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை. திருத்தாத விலையில் கணக்கிட்டால் மைனஸ் 50 சதவீதம் என்று காட்டும். போனஸ், பங்குப் பிரிப்பு, உரிமைப் பங்கு ஆகியவற்றுக்குத் திருத்திய விலையையே எடுங்கள். இலவசத் தளங்களின் திருத்தம் எல்லா நேரமும் சரியாக இருப்பதில்லை.

எளிய சோதனை ஒன்று உண்டு. இந்தியச் சந்தையில் வழித்தோன்றல் வணிகம் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இல்லாத பங்குகளுக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 20 சதவீத விலை வரம்பு இருக்கிறது. உங்கள் தரவில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறிய, இறங்கிய நாள்களை எல்லாம் வடிகட்டி எடுங்கள். சிறு நிறுவனங்களில் அப்படி ஒரு நாள் இருந்தால், அநேகமாக விலை திருத்தப்படவில்லை. வழித்தோன்றல் வணிகம் உள்ள பெரிய பங்குகளுக்கு நிலையான வரம்பு இல்லை. அவற்றில் உண்மைச் சரிவாகவும் இருக்கலாம், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். இதே வரம்பு இன்னொரு சிக்கலையும் தருகிறது: 5 சதவீத வரம்புள்ள சிறு பங்கில் நல்ல செய்தி வந்தால் அன்று 5 சதவீதத்தில் பூட்டிக்கொள்ளும், மீதி மறுநாள் வரும். அதனால் சிறு நிறுவனங்களுக்கு நிகழ்வு நாளை மட்டும் பார்த்தால் போதாது.

கணக்கு

தேதியும் விலையும் சரியாகிவிட்டால் கணக்கு எளிது. நிகழ்வுக்கு 250 வணிக நாள்கள் முன்பிருந்து 30 நாள்கள் முன்பு வரை பங்கின் தினசரி வருமானத்தைச் சந்தைக் குறியீட்டின் வருமானத்தோடு ரிக்ரெஷன் செய்கிறோம். அதிலிருந்து ஆல்ஃபா (சந்தை அசையாத நாளில் பங்கின் சராசரி வருமானம்), பீட்டா (சந்தை ஒரு சதவீதம் நகர்ந்தால் பங்கு எவ்வளவு நகரும் என்பது) கிடைக்கும். கடைசி 30 நாள்களை விட்டுவிடுவது, கசிந்த செய்தி கணக்கைக் கெடுக்காமல் இருக்க. குறியீட்டுக்கு நிஃப்டி 50ஐவிட நிஃப்டி 500 பொருத்தம், மாதிரியில் சிறு நிறுவனங்கள் இருப்பதால்.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். ஆல்ஃபா 0.02 சதவீதம், பீட்டா 0.90. அறிவிப்புக்கு முதல் நாள் சந்தை 0.40 இறங்கியது, பங்கு 0.50 ஏறியது. எதிர்பார்த்தது மைனஸ் 0.34, மிகுதி 0.84. அறிவிப்பு நாளில் சந்தை 1.00, பங்கு 3.40, எதிர்பார்த்தது 0.92, மிகுதி 2.48. மறுநாள் சந்தை 0.20, பங்கு மைனஸ் 0.30; எதிர்பார்த்தது 0.20, மிகுதி மைனஸ் 0.50. மூன்றையும் கூட்டினால் 2.82 சதவீதம். இதுதான் அந்தப் பைபேக்கின் மிகைவருமானம்.

இந்த 2.82 பெரிய எண்ணாகத் தோன்றும். இப்பங்கின் தினசரி அலைச்சல், அதாவது ரிக்ரெஷனில் விளக்கப்படாத பகுதியின் திட்டவிலக்கம், 1.6 சதவீதம் என்று வையுங்கள். மூன்று நாளுக்கு, மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கினால், அது சுமார் 2.77. டி மதிப்பு, அதாவது 2.82ஐ 2.77ஆல் வகுத்தது, ஒன்றைச் சற்றே தாண்டுகிறது. ஒரு நிறுவனத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பைபேக் இல்லாத சாதாரண மூன்று நாளிலும் அவ்வளவு ஆட்டம் இருக்கும். இதே சராசரி நூறு பைபேக்குகளுக்கு வந்தால், டி மதிப்பு பத்து. ஒவ்வொரு பைபேக்கும் மற்றதோடு தொடர்பில்லாமல் நடந்திருந்தால் மட்டும்.

அந்த "மட்டும்" முக்கியம். 2017இல் டி.சி.எஸ். 16,000 கோடி ரூபாய்க்குப் பைபேக் அறிவித்தது. அதே ஆண்டில் எச்.சி.எல். டெக், விப்ரோ, இன்ஃபோசிஸ் என்று வரிசையாக வந்தன. ஒரே துறை, ஒரே டாலர் விலை, ஒரே அமெரிக்க விசாக் கவலை. இவற்றை நான்கு தனிச் சான்றுகளாக எண்ணுவது தவறு. ஒன்றரைச் சான்று என்றால் பொருந்தும். துறைக் குறியீட்டைக் கழித்துப் பாருங்கள். பிழைமதிப்பைத் துறை, மாத வாரியாகத் தொகுத்துக் கணக்கிடுங்கள்.

பிறகு ஒரு பொய்ச் சோதனை. அதே நிறுவனங்களுக்குக் குருட்டாம்போக்கில் தேதிகளைக் கொடுத்து முழுக் கணக்கையும் மறுபடி ஓட்டுங்கள். மிகைவருமானம் பூஜ்யத்தை ஒட்டி வரவேண்டும். வராவிட்டால் உங்கள் முறையிலேயே ஏதோ ஓட்டை. பிரவுனும் வார்னரும் செய்தது இதைத்தான். முதல் ஐந்து நிறுவனங்களின் கணக்கை எக்ஸலில் கையால் போடுங்கள். அதன் பிறகு ஆர், பைத்தான், ஸ்டாட்டா எதற்கும் போகலாம். நிரல் சொல்லும் எண்ணும் கையால் போட்ட எண்ணும் பொருந்தும் வரை முன்னே போகக்கூடாது.

நீண்டகால வருமானத்தை அளக்க விரும்புபவர்களுக்கு, ஐ.ஐ.எம். அகமதாபாத் இந்தியச் சந்தைக்கான ஃபாமா–ஃப்ரெஞ்ச் காரணிகளையும் (சந்தை, நிறுவன அளவு, புத்தக மதிப்பு விகிதம்) மொமென்ட்டம் காரணியையும் (ஏறும் பங்கு தொடர்ந்து ஏறும் போக்கு) இலவசமாக வெளியிடுகிறது. புதியவர்கள் முதலில் குறுகிய சாளரத்தோடு நின்றுகொள்வது நல்லது. நான்காண்டு வருமானத்தில் எந்த அளவுகோலை வைத்தாலும் யாராவது குறை சொல்வார்கள், பெரும்பாலும் நியாயமாகவே.

காரணத்தைத் தேடுதல்

இப்போது முதலில் நட்ட கேள்விக்கு வரலாம். ஒவ்வொரு பைபேக்கின் மிகைவருமானத்தையும் நிறுவனத்தின் அளவு, கையிருப்புப் பணம், முந்தைய ஆறு மாத வருமானம், புத்தக மதிப்பு விகிதம், புரமோட்டர் பங்கு, பைபேக்கின் அளவு ஆகியவற்றோடு ரிக்ரெஷன் செய்யுங்கள். கணக்குப் புள்ளிகளை எடுக்கும்போது மறுபடி தேதி. மார்ச் 31இல் முடியும் ஆண்டின் கணக்கு பல நிறுவனங்களில் மே மாதம் வரை வெளியே வராது. ஏப்ரலில் நடந்த பைபேக்குக்கு அந்த மார்ச் கணக்கைப் பயன்படுத்தினால், சந்தைக்கு அன்று தெரியாததை நீங்கள் தெரிந்துகொண்டு விளையாடுகிறீர்கள். முந்தைய ஆண்டுக் கணக்கையோ, அப்போது வெளியாகியிருந்த காலாண்டையோ எடுங்கள்.

இதில் கிடைக்கும் தொடர்பைக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நிறுவனம் பைபேக்கைத் தேர்ந்தெடுக்கிறது, விலையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறது. விலை உச்சத்தில் இருக்கும்போது பங்கு வெளியிட்டு, தாழ்வில் திரும்ப வாங்கும் பழக்கம் நிறுவனங்களின் மூலதன அமைப்பிலேயே தடம் விட்டுச் செல்கிறது என்று பேக்கரும் வர்க்லரும் 2002இல் எழுதினார்கள். முடிவால் விலை மாறியதா, விலையால் முடிவு வந்ததா என்பது எளிதில் பிரியாது.

நிறுவனத்தின் கையில் இல்லாத ஒரு மாற்றம் இருந்தால் உதவும். 2019 ஜூலை 5 பட்ஜெட், பட்டியலிட்ட நிறுவனங்களின் பைபேக்குக்கும் 20 சதவீத வரி போட்டது. வரிதான் காரணம் என்ற விளக்கம் சரியென்றால், பைபேக் செய்யும் வாய்ப்பு அதிகமுள்ள, பணம் குவிந்த நிறுவனங்கள் அன்று மற்றவற்றைவிட அதிகம் இறங்கியிருக்க வேண்டும். நல்ல சோதனைதான். ஆனால் அதே பட்ஜெட்டில் பெரும் பணக்காரர்களுக்கான கூடுதல் வரியும், பொதுமக்கள் பங்கை 25இலிருந்து 35 சதவீதமாக்கும் யோசனையும் வந்தன. அன்னிய முதலீட்டாளர்கள் மிரண்டார்கள். ஜூலை 8, திங்கட்கிழமை நிஃப்டி சுமார் 2 சதவீதம் விழுந்தது. ஆகவே அன்னிய முதலீடும் புரமோட்டர் பங்கும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் நிறுவனங்களை இணைசேர்த்து, பணக் கையிருப்பில் மட்டும் வேறுபடுபவற்றை ஒப்பிட வேண்டும். 2024இல் வரி பங்குதாரரின் கைக்கு மாறியதும் இப்படியே. நடைமுறைக்கு வந்தது அக்டோபர் 1; சந்தைக்குத் தெரிந்தது ஜூலை 23 பட்ஜெட்டன்று. அக்டோபர் 1ஐ நிகழ்வு நாளாக வைத்தால் ஒன்றும் கிடைக்காது, கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

பல முறை முயல்வதன் ஆபத்து

மூன்று நாள் சாளரத்தில் முடிவு வராவிட்டால் ஐந்து நாள், அதுவும் இல்லையென்றால் பதினொரு நாள், பிறகு சிறு நிறுவனங்கள் மட்டும் என்று தேடிக்கொண்டே போனால் ஏதாவது ஒன்று கிடைத்தே தீரும். ஹார்வி, லியு, ஷூ மூவரும் 2016இல் பங்கு வருமானத்தை விளக்குவதாகச் சொல்லப்பட்ட 316 காரணிகளைக் கணக்கெடுத்து, புதிய காரணிக்கு டி மதிப்பு 2 போதாது, 3ஐத் தாண்ட வேண்டும் என்றார்கள். மெக்லீனும் பான்டிஃபும் அதே ஆண்டு 97 கண்டுபிடிப்புகளைப் பின்தொடர்ந்தார்கள்: ஆய்வுக் காலத்துக்கு வெளியே வருமானம் 26 சதவீதம் குறைந்திருந்தது, கட்டுரை வெளியான பிறகு 58 சதவீதம். சாளரம், நீக்கும் விதி, பிரிவுகள் எல்லாவற்றையும் தரவைத் தொடும் முன் ஒரு பக்கத்தில் எழுதி, தேதியிட்டு, வழிகாட்டிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பின்னால் மாற்றினால் மாற்றினேன் என்று எழுதுங்கள். முடிவு எதுவும் வராவிட்டால் வரவில்லை என்று எழுதுவதில் அவமானம் இல்லை. நான் தேர்வாளராக இருந்தால் அதற்கு மதிப்பெண் கூட்டுவேன்.

எழுதும்போது முதல் அட்டவணையில் மாதிரி எப்படிச் சுருங்கியது என்று காட்டுங்கள்: மொத்தம் எத்தனை பைபேக், விலை இல்லாதவை எத்தனை, கலப்படச் செய்தியால் நீங்கியவை எத்தனை, மிஞ்சியவை எத்தனை. அடுத்து ஒரே ஒரு வரைபடம், நிகழ்வுக்கு இருபது நாள் முன்பிருந்து இருபது நாள் பின்பு வரை. ரிக்ரெஷன் அட்டவணைகள் அதற்குப் பிறகு. பணம் கேட்டு இரண்டு வாரத்தில் வெளியிட்டுத் தருகிறேன் என்னும் இதழ்களுக்கு அனுப்பாதீர்கள்.

ஒவ்வொரு பைபேக்கின் அறிவிப்பையும் நேர முத்திரையோடு பி.டி.எஃப். கோப்பாக இறக்கி, தேதித் தாளின் வரி எண்ணையே கோப்பின் பெயராக வைத்து ஒரு கோப்புறையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையதளங்களின் முகவரிகள் மாறும், பழைய பக்கங்கள் காணாமல் போகும். வாய்மொழித் தேர்வில் "43ஆம் வரியில் ஏன் மறுநாளை எடுத்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டால் அந்தக் கோப்புறையைத் திறந்து காட்டலாம்.